சிறகின் மறுபாதி

அவித்த முட்டைகளின் ஓட்டினை நான் உரித்துக்கொண்டிருந்த வேளையில், பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த அப்பெண் சத்துணவுக் கூடத்தின் வாசலில் மண்டியிட்டு அமர்ந்தார். கவிழ்த்துப் போட்டிருந்த அண்டாவின் மீது என் கல் வைக்கப்பட்டிருந்தது. அவர் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணருகே சிறியதோர் உருப்பெருக்கியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுப் பட்டால் கலைந்துவிடும் என்பதுபோல் அக்கல்லினை உற்றுநோக்கினார். எனக்கு உதவியாளராகப் பணிபுரியும் அழகி முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்திவிட்டு, வந்தவரின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அறிவியல் ஆசிரியர் ஜெரால்டு, ஆவூரைச் சேர்ந்தவர், தேர்வறையைக் கண்காணிப்பவர்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பள்ளிக் கண்காட்சிக்கு நான் கொடுத்திருந்த அக்கல்லைப் படமெடுத்து அப்பெண்ணுக்கு அனுப்பியவர் அவரே.

“றெக்கைதான் சார்,” என்று அப்பெண் நிமிர்ந்தார். அவர் பெயர் சிவரஞ்சனி. “எலை இல்ல. பூச்சியோட றெக்கை.”

“நான் அப்பவே சொன்னேன்,” என்றேன், யாரிடமென்று இல்லாமல்.

“யக்கா ஈசல் றெக்கைன்னுச்சுங்க,” என்றாள் அழகி. “கல்லுக்குள்ள ஈசல் எப்புடிப் போகும், படிச்ச கொழுப்புல பேசாதன்னு நாந்தான் சண்ட போட்டேன்.”

சிவரஞ்சனி சிரித்தார். “ரெண்டு பேர் சொன்னதும் பாதி சரி. ஈசலே அப்ப ஒலகத்துல கெடையாதுங்க. இது அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி. சில்வண்டோட தூரத்துச் சொந்தமா இருக்கலாம். பாதி றெக்கைதானே இருக்கு, அதான் உறுதியாச் சொல்ல முடியல.”

“மிச்சப் பாதி?”

“அங்கதான் இருக்கும். தொளையோட சுவர்ல. மிஷின் அறுத்த கோட்டுக்கு அந்தப் பக்கம்.” அவர் தம் விரல்நுனியால், கல்லைத் தொடாமலேயே, அதன் விளிம்பைக் காட்டினார். “இனிமே யாராலயும் எடுக்க முடியாது.”

நான் ஒரு முட்டையைக் கையில் பிடித்தபடி அவ்விளிம்பைப் பார்த்தேன். பலமுறை பார்த்த விளிம்புதான்.

அக்கல் ஒரு சிறிய அதிரசத்தின் அளவும் வடிவமும் கொண்டது. கரிய நிறம் வாய்ந்தது. அதன் ஒரு முகத்தில், வேப்பிலையினும் சற்றுச் சிறியதாக ஒரு சிறகு பதிந்திருக்கிறது. சிறகின் நரம்புகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, கிளைத்தவை மீண்டும் கிளைத்து, வட்டத்தின் ஓரம்வரை சென்று, அங்கே ஒரே வெட்டில் நின்றுவிடுகின்றன. உடல் இல்லை, தலை இல்லை, கால்கள் இல்லை. பூச்சிகளின் உடல் எளிதில் அழிந்துவிடும் என்றும், சிறகே சேற்றில் அழுந்தி அச்சாக நிலைக்கும் என்றும் பின்னர் சிவரஞ்சனி விளக்கினார். மழைக்காலத்தில் ஈசலைக் கண்டவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. விளக்கடியில் ஈசல் மறைந்துவிடும். காலையில் பெருக்கும்போது சிறகுகள் மட்டுமே துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.

நிலக்கரி தோன்றும் விதத்தை நான் பாடநூலில் பயின்றிருக்கிறேன். சதுப்பு நிலங்களில் மடிந்து வீழ்ந்த தாவரங்கள் மண்ணுள் புதையுண்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பல கோடி ஆண்டுகளில் நிலக்கரியாக மாறுகின்றன. என் மகளினும் இளைய பிள்ளைகளுக்கு நடுவே அன்னவாசலில் தனித்தேர்வராக அமர்ந்து, இவ்வினாவிற்கு நான் விடையெழுதிப் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றேன். ஆயின் பாடநூலில் இல்லாத ஒன்றை என் கணவர் நாகராசு எனக்குச் சொன்னார். கரி தனியே கிடப்பதில்லை. ஒரு கரி அடுக்கிற்கும் அடுத்த கரி அடுக்கிற்கும் இடையே களிப்பாறை கிடக்கிறது. ஒரு காலத்தில் குளத்தடிச் சேறாக இருந்த அப்பாறையில் இலைகள் அழுந்திக் கிடக்கின்றன, புத்தகத்துள் வைத்த அரசிலையைப்போல.

என் கணவர் துளையிடும் இயந்திரத்தில் பணிபுரிபவர். தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் இருந்தார். பின்னர், நிலக்கரி எவ்வாழத்தில் உள்ளது என்று கண்டறியும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஒடிசா மாநிலத்திற்குச் சென்றார். தண்ணீருக்குத் துளையிடுகையில் பாறை தூளாகப் பறந்து ஊரையே வெள்ளையாக்கிவிடும். கரிக்குத் துளையிடுவது அவ்வாறன்று. வைரப் பல் பதித்த குழாய் வட்டமாக அறுத்துக்கொண்டு இறங்க, நடுவில் நிற்கும் பாறை குழாய்க்குள் உருளையாகப் புகுந்து, கரும்பைப்போல் துண்டு துண்டாக மேலே வரும். அதனைக் கோர் என்பர். வரிசை பிசகாமல் நீளப் பெட்டிகளில் அதனை அடுக்கி, மெழுகுக் கட்டியால் ஆழத்தை எழுதி, மேற்பக்கம் எது என்பதற்கு அம்புக்குறி இடுவர். சோதனை முடிந்தபின் கழித்துக் கொட்டியவற்றிலிருந்து என் கணவர் எடுத்துவந்ததே இக்கல். நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டில், துணிப்பையின் அடியில் தம் கைலிக்குள் சுருட்டி, அதனைக் கொண்டுவந்து என் புத்தகத்தின் மேல் வைத்தார். “இந்தா, ஒம் பாடத்துக்கு,” என்றார். அதனைவிட மேலான ஒரு பரிசை அவர் எனக்குத் தந்ததில்லை. பட்டுப்புடவை உட்பட.

“இதுல ஆழம் எழுதியிருக்குமேங்க,” என்றார் சிவரஞ்சனி, கல்லைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்து. “ஒண்ணையும் காணோமே?”

நான் விடை கூறுமுன் அழகி முந்திக்கொண்டாள். “போகிக்குக் கழுவிருச்சுங்க. தேங்கா நாரு, புளி, சாம்பலு எல்லாம் போட்டு. யக்கா கைக்குக் கெடச்சா கருவாட்டக்கூட வெளக்கிக் கவுத்திரும்.”

உண்மையே. போகியன்று வீட்டிலுள்ள அனைத்தையும் வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவுவது எங்கள் வழக்கம். பித்தளைக் குடம், குத்துவிளக்கு, தோசைக்கல் ஆகியவற்றோடு இக்கல்லும் வரிசையில் அமர்ந்து குளித்தது. சிறகின் பக்கம் மிக மெலிதாகத் தெரிந்ததால் அதனைக் கையால் மட்டும் தடவினேன். பின்பக்கம் கரிய பாறையில் ஏதோ கிறுக்கல் என்று நாரினால் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

சிவரஞ்சனி கண்களை மூடித் திறந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. “றெக்கைப் பக்கம் தேய்க்காம விட்டீங்களே, அதுவே பெருசு,” என்றார். பின்னர், ஒவ்வோர் ஆழமும் ஒவ்வொரு காலம் என்றும், எக்கரி அடுக்கிற்கு மேலே எதற்குக் கீழே என்று அறியாவிடில் இச்சிறகு எக்காலத்தில் பறந்தது என்று சொல்ல இயலாதென்றும் விளக்கினார். “ஆழம் தெரிஞ்சா இது ரொம்பப் பெரிய விஷயம்ங்க. நம்ம நாட்டுல இந்த வயசுப் பூச்சி கெடச்சதே கொஞ்சம். தெரியலேன்னா அழகான கல்லு, அவ்வளவுதான்.” அவர் சற்று யோசித்தார். “வீட்டுக்காரருக்கு ஞாபகம் இருக்குமா? நேர்ல வந்தா இன்னும் நல்லது. எப்படி எடுத்தாங்க, எந்தத் தொளைன்னு அவர் வாயாலயே சொல்லிட்டா நான் பதிவு பண்ணிக்குவேன். போகவர செலவ எங்க துறையில குடுத்துருவாங்க. லீவு தரச் சொல்லி கம்பெனிக்கு நானே கடிதம் தாரேன்.”

“அவருக்குத்தான் தெரியும்,” என்று என் வாய் கூறியது. “கல்லக் கையில எடுத்துப் பாத்தாத்தான் சொல்லுவாரு.”

அது பொய். எழுத்துக்கூட்டப் பிந்திக் கற்றவர்களுக்கு ஒரு நோய் உண்டு: கண்ணிற் படுவதையெல்லாம் படிப்பது. பேருந்தின் பெயர்ப்பலகை, உப்புப் பொட்டலத்தின் பின்புறம், மருந்துப் புட்டியின் அடிப்பகுதி, சுவரொட்டியில் கிழிந்தது போக எஞ்சிய பாதி. நாரை எடுக்குமுன் அக்கல்லின் பின்புறத்தையும் நான் படித்திருந்தேன். ஓர் அம்புக்குறி, அதன்கீழ் இருநூற்றுப் பதினேழு. படித்தேன், மனத்தில் பதிந்தது, பின்னரே அழித்தேன். அவ்வெண்ணைக் கூறியிருந்தால் அக்கணமே காரியம் முடிந்திருக்கும், கல் பெட்டிக்குள் சென்றிருக்கும், முட்டைகளும் ஆறியிரா. ஆயின், ஒருவரை வரவழைப்பதற்கு இப்படியொரு காரணம் என் கைக்கு வந்தது அதுவே முதன்முறை.

எங்கள் பிரிவைப் பற்றி இங்குக் கூறுதல் வேண்டும். வானிலையைக் கொண்டே அதனை விளக்க முடியும். ஒடிசாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காட்டுப் பாதைகள் சேறாகி, துளையிடும் இயந்திரங்கள் ஓய்கின்றன. அப்பொழுது என் கணவர் ஊருக்கு வருவார். இங்கு ஆனியும் ஆடியும் காற்றுக் காலம், புழுதி பறக்கும், கண்மாய் வெடித்துக் கிடக்கும். புரட்டாசி முடிந்து இங்கே மேகம் கூடும்போது அங்கே பாதை காய்ந்துவிடும், அவர் புறப்பட்டுவிடுவார். ஆகவே, அவ்வேலைக்குச் சென்றது முதல் அவர் எங்கள் மழையைக் கண்டதில்லை. அங்குள்ள மழைக்கு ஒதுங்கி வருபவர், இங்குள்ள மழைக்கு முன்னரே போய்விடுவார். முதல் மழை பெய்து, மாலையில் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும்போது, அதனைப் பிடித்துச் சிறகு புடைத்து, அரிசியோடும் பொட்டுக்கடலையோடும் வறுத்துத் தின்பதென்றால் அவருக்கு உயிர். நான் வறுத்து, ஆறவிட்டு, டப்பாவில் அடைத்து, ஊர்க்காரர் எவரேனும் அப்பக்கம் செல்வதாக இருந்தால் கொடுத்துவிடுவேன். சென்று சேரும்போது அது காறிப் போயிருக்கும். நல்லா இருந்துச்சு என்பார். அவ்வளவிலாயினும் அது பருவகாலப் பிரிவு. பாடநூலில் உள்ளவாறு, வரும் காலமும் போகும் காலமும் வகுத்தறியக் கூடியது.

இவ்வாண்டு அது மாறிவிட்டது. முழங்கால் வலிக்கு இயந்திரத்தில் நிற்க இயலாதென்று, கோர் பெட்டிகளை அடுக்கிவைக்கும் கொட்டகையில் அவரைப் பொறுப்பாளராக்கினர். மேலே கூரை, கீழே சிமெண்டுத் தரை, மழையிலும் வேலை உண்டு. நல்ல வேலைதான். ஆனால் ஆனி வந்தது, ஆடி வந்தது, அவர் வரவில்லை. “வாரேன், வாரேன்,” என்றார் தொலைபேசியில். நான் கேட்காத நாட்களிலும் கூறினார்.

சிவரஞ்சனி வந்துசென்ற அன்று மாலை, என் கணவரிடம் தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன்.

“கல்லுக்கு என்னைய வரச் சொல்றாகளா?” அவர் சிரிப்பு, இடையில் ஓடிய ஏதோ ஒரு லாரியின் ஓசையோடு கலந்து கேட்டது. “டிக்கெட்டும் அவுகளே போடுறாகளா? ஏ புள்ள, மனுசனுக்குன்னு லீவு கேட்டா குடுக்க மாட்டேங்குறான், கல்லுக்குன்னு கேட்டா குடுத்துருவான் போலருக்கே.”

“ஆழம் எனக்குத் தெரியாதுங்க. நீங்க வந்து சொன்னாத்தான் அதுக்கு மதிப்பாம்.”

“எனக்கு மதிப்புன்னு சொல்லு.” அவர் குரலில் பெருமை ஏறியதைக் கேட்டேன். “ஐப்பசி பொறந்ததும் கெளம்புறாப்புல பாக்குறேன். ஈசலு கெளம்பிருச்சா?”

“இன்னும் மழையே இல்லங்க.”

“அப்ப நான் வந்தப்பறந்தான் கெளம்பும்,” என்றார்.

அதன் பின்னர் நான் செய்தவை பலவும் அறிவுக்குப் பொருந்தாதவை. வீட்டை ஒரு முறைக்கு இரு முறை கழுவினேன். அவருடைய கைலிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்தி மடித்துவைத்தேன். பள்ளிக்குப் பின்னால், கருவேலங்காட்டின் ஓரத்தில் நிற்கும் பெரிய புற்றைத் தினமும் சென்று பார்த்தேன். மண் ஈரமாகப் புதிதாகப் பூசப்பட்டிருந்தால், உள்ளே ஈசல் கிளம்ப ஆயத்தமாகிறது என்று பொருள். ஒருநாள் சாம்பாருக்கு உப்பை இருமுறை இட்டுவிட, பிள்ளைகள் தண்ணீராய்க் குடித்தார்கள்.

“யக்காவுக்கு மாப்ள வாராரு, அதான் சாம்பாரு கடலா இருக்கு,” என்று அழகி பெரிய கரண்டியை ஆட்டிக்கொண்டு சொன்னாள்.

“வாய மூடிட்டுப் பருப்பக் கடை.”

“நான் மூடிருவேன். ஒம் மொகத்த எப்புடிக்கா மூடுவ?”

கல்லைக் கண்காட்சி அலமாரியிலிருந்து வீட்டிற்குக் கொண்டுவந்திருந்தேன். விளக்கேற்றியபின் அதனைச் சாய்வாகப் பிடித்துப் பார்ப்பேன்; ஒளி பக்கவாட்டில் விழும்போது மட்டுமே நரம்புகள் எழுந்து நிற்கும். விளிம்பில் வெட்டுண்டு நிற்கும் அக்கோடுகளை என் உள்ளங்கையில் நீட்டி வரைந்துகொள்வேன். மறுபாதி இன்னும் அங்கேயே இருக்கிறது. இருநூற்றுப் பதினேழு மீட்டர் ஆழத்தில், ஒரு விரற்கடை அகலத்திற்கு அப்பால். துளை முடிந்ததும் சிமெண்டுப் பால் ஊற்றி அதனை அடைத்துவிடுவார்கள் என்று என் கணவர் கூறியிருக்கிறார். இப்பாதிக்கு வெயில் கிடைத்தது. போகிக் குளியல் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளின் விரல்கள் கிடைத்தன. அப்பாதிக்கு, தன் மறுபாதி அறுபட்டுப் போனது என்று தெரிவதற்குக்கூட வழியில்லை.

சிவரஞ்சனி இரண்டாம் முறை வந்த நாளில் வானம் காலையிலிருந்தே மூட்டம் போட்டிருந்தது. அவர் தம்மோடு பஞ்சு வைத்த சிறு பெட்டியொன்றையும் கொண்டுவந்திருந்தார். கடிதம் அனுப்பியாயிற்று என்றும், நிறுவனத்திலிருந்து பதில் வரவில்லை என்றும், எதற்கும் என் கணவரிடம் ஒருமுறை பேசிவிடலாம் என்றும் கூறினார். பிள்ளைகள் உண்டு முடித்திருந்தனர். அதே அண்டாவின் மேல் என் கைப்பேசியை வைத்து, அனைவரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினேன். ஜெரால்டு ஆசிரியரும் வந்து நின்றார்.

“வணக்கம் மேடம்,” என்றது என் கணவரின் குரல். பிறரிடம் பேசும்போது அவர் குரல் சற்றுத் தடிக்கும். “லீவு கேட்டேன் மேடம். வேற ஆள் வராம விட மாட்டேங்குறாக. இப்பதக்கி வர முடியாது போலருக்கு.”

நான் அழகியைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

“பரவால்லங்க,” என்றார் சிவரஞ்சனி. “பிறகு எப்ப முடியுமோ அப்ப…”

“அதுக்கெதுக்கு மேடம் நான் அம்புட்டுத் தூரம் வந்துக்கிட்டு? நம்பர்தானே வேணும்? எந்தத் தொளைங்கிறது கம்பெனிக்கே தெரியும், நாலு வருசத்துக்கு முந்தி, இந்தக் கல்லு கெடச்ச சமயம், நான் இருந்தது ஒரே தொளைதான். ஆழம் நூத்தம்பது மீட்டரு. எழுதிக்கங்க.”

“நிச்சயமாத் தெரியுமாங்க?”

“நிச்சயந்தான் மேடம்.”

அவர் நிச்சயம் என்று கூறும் முறையை நான் அறிவேன். வாரேன் என்பதையும் அதே முறையில்தான் கூறுவார். அதில் வஞ்சகம் இல்லை. கேட்பவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராத ஒருவர், கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பது அது. அவருக்கு அக்கல்லின் ஆழம் மறந்துவிட்டது. அதனை என் புத்தகத்தின் மேல் வைத்த நாளில், இருநூறு மீட்டருக்கும் கீழே, நம்ம ஊருக் கெணறு பத்துப் பதினஞ்ச ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன ஆழம் என்று கைகளை விரித்துக் காட்டியவர் அவர். நான் ஒரு சொல்லையும் மறக்கவில்லை. மறக்கலாமென்று எனக்குத் தோன்றியதுமில்லை.

“நூத்தம்பதுன்னா பெரிய கரி அடுக்குக்கு மேல வருது,” என்று சிவரஞ்சனி மெல்லத் தமக்குள் கூறிக்கொண்டார். “அப்ப வயசே மாறிருதே.” அவர் பேனாவைத் திறந்து எழுதினார். நீல மையில் ஒன்றும் ஐந்தும் சுழியும் அமர்ந்தன.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாதிருந்தால் என் கணவர், பல்கலைக்கழகத்திற்கு வழி காட்டியவராகவே எஞ்சியிருப்பார். நானும் ஒன்றும் அறியாதவளாக. தை மாதம் வேறொரு காரணத்தைத் தேடிக்கொள்ளலாம். ஆனால் அவ்வெண் அந்தத் தாளோடு நின்றுவிடப் போவதில்லை, அச்சேறும். அச்சிலிருந்து இன்னொரு நூலுக்குச் செல்லும். அச்சில் உள்ளவை மெய் என்று நம்பியே, அடுப்படியில் ஒரு கையில் கரண்டியோடு நான் எழுத்துக்கூட்டத் தொடங்கினேன். எங்கோ ஓர் ஊரில், என்னைப்போல் பிந்திப் படிக்கத் தொடங்கிய எவரோ ஒருவர், விரல் வைத்து அவ்வரியைப் படிப்பார். அவருக்கு அது தவறு என்று சொல்ல ஒருவரும் அருகில் இருக்கமாட்டார்.

“எறநூத்திப் பதினேழு,” என்றேன்.

சிவரஞ்சனியின் பேனா நின்றது. கைப்பேசியிலிருந்து, “என்னது?” என்று கேட்டது.

“எறநூத்திப் பதினேழுங்க. மேல அம்பு போட்டு, அதுக்குக் கீழ எழுதியிருந்துச்சு. கழுவுறதுக்கு முந்தி படிச்சேன்.”

கருவேலங்காட்டின் பக்கமிருந்து ஈர மண்ணின் வாசனை வந்தது. எங்கோ பக்கத்தில் பெய்யத் தொடங்கியிருக்க வேண்டும். ஒடிசாவில் யாரோ இரும்புப் பெட்டியொன்றைத் தரையில் இழுக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது.

“அப்பறம் எதுக்குடி தெரியாதுன்ன?” என்றார் என் கணவர். அவர் குரல் தடித்திருக்கவில்லை.

ஜெரால்டு ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வகுப்பு இருக்கிறது என்று முணுமுணுத்து நகர்ந்தார். சிவரஞ்சனி தம் செருப்பின் வாரை ஆராயத் தொடங்கினார். எப்போதும் விடை வைத்திருக்கும் அழகிகூட, காலியான குழம்புச் சட்டியை மூடியால் மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தேர்வில் விடை தெரிந்தும் எழுதாமல் விட்ட வினா ஒன்றுகூட எனக்கு இருந்ததில்லை. இவ்வொன்றை விட்டுவிட்டு, கைப்பேசியின் ஒலியைக் குறைத்தேன்.

“சரி,” என்றார் அவர் கடைசியில். “லோடு வந்துருச்சு. வைக்கிறேன்.”

சிவரஞ்சனி பேனாவை மீண்டும் எடுத்தார். எழுதியதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் புதிய எண்ணை எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார். “சரியான்னு பாருங்கம்மா.” நான் பார்த்தேன். சரியாகவே இருந்தது. பின்னர் அவர் கல்லைப் பஞ்சில் வைத்து, மேலும் ஒரு பஞ்சால் மூடினார். “கட்டுரை வரும்போது, கண்டெடுத்தவர் நாகராசு, பாதுகாத்தவர் பரிமளான்னு ரெண்டு பேர் பேரும் போடுவேன். ஒரே வரியில வரும்.”

“கழுவுனவர்னு போடுங்க மேடம்,” என்றாள் அழகி. நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் என் கண்களைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

சிவரஞ்சனி சென்ற பேருந்து அன்னவாசலைத் தாண்டுமுன் மழை வந்திருக்கும். நான் வீடு வந்து சேர்ந்தபோது புடவை முழுவதும் நனைந்திருந்தது. ஆண்டின் முதல் பெருமழை. ஓடையில் நீர் செந்நிறமாக ஓடியது. பெய்து ஓய்ந்து, தூறலாகக் குறைந்து, பொழுது மங்கும் நேரத்தில், விளக்குப் போடுவதற்கு எழுந்தேன். கல் இருந்த மாடத்தில் அதன் வட்டமான தடம் மட்டும் தூசியில் இருந்தது. விளக்கைப் போட்டதும் முதல் ஈசல் வந்து சுவரில் மோதியது. பின்னர் இரண்டு. பின்னர் எண்ண இயலாதவை. பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு சட்டிகளில் தண்ணீர் எடுத்து ஓடினார்கள். எனக்கு அவற்றைப் பிடிக்கத் தோன்றவில்லை. வாசற்படியில் அமர்ந்து, அவை தங்கள் சிறகுகளை உதறிவிட்டு, எறும்புகளைப்போல் ஊர்ந்து செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைப்பேசி ஒலித்தது. அவர்தாம்.

“கல்லக் குடுத்துட்டியா?”

“குடுத்தாச்சுங்க.”

“ம்.” அழைத்ததற்கு வேறு காரணம் இருந்து, அதனை அவர் எடுக்கமாட்டாமல் நிற்பதுபோல் இருந்தது. நானும் காத்திருந்தேன்.

“அங்கிட்டு என்ன சத்தம்?” என்றார்.

“மழைங்க. ஓட்டுத் தண்ணி விழுகுது.”

“பெருசாப் பெஞ்சுச்சா?”

“கண்மாய்க்குத் தண்ணி போகுது.”

அவர் மூச்சு விடுவது கேட்டது. “ஈசலு?”

“கெளம்பிருச்சுங்க.”

“ஏ புள்ள, வைக்காத,” என்றார். “போனக் கொஞ்சம் வெளிய நீட்டு. கேட்டுக்கிறேன்.”

கையை நீட்டினேன். கூரையிலிருந்து விழும் நீருக்கும் வாசல் விளக்கிற்கும் இடையில், என் உள்ளங்கையில், அவர் பெயர் எழுதிய திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஓர் ஈசல் வந்து அதன்மேல் அமர்ந்தது. அப்பெயரின் எழுத்துகளைக் கடந்து நடந்தது; நின்றது; உடலைச் சற்று வளைத்தது. சிறகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. அடியிலிருந்து எழும் ஒளியில் அவற்றின் நரம்புகள் துலக்கமாகத் தெரிந்தன, நுனிவரை, ஓரிடத்திலும் வெட்டுண்ணாமல். ஈசல் என் விரல்வழியே இறங்கி இருட்டுக்குள் சென்றது. நான் கையை அசைக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.